ஃபிட்னஸ் பேண்ட் காட்டும் கலோரியை நம்பி எடை குறைக்கலாமா? கேள்வியும் பதிலும்

கையில் பேண்டோ ஸ்மார்ட் வாட்சோ கட்டிக்கொண்டு எடை குறைக்க முயல்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. உதாரணக் கணக்குகளுக்கெல்லாம் ஒரே ஆளை எடுத்துக்கொண்டிருக்கிறோம்: 40 வயதுப் பெண், எடை 72 கிலோ, உயரம் 158 செ.மீ., உட்கார்ந்து பார்க்கும் வேலை. உங்கள் எண்களைப் போட்டு அதே வழியில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பேண்ட் கலோரியை அளக்கிறதா, ஊகிக்கிறதா?

ஊகிக்கத்தான் செய்கிறது. உடல் செலவழிக்கும் கலோரியை ஆய்வகத்தில் கண்டறிய இரண்டு வழிகள் உண்டு. முகமூடி மாட்டி, உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடையும் அளப்பது ஒன்று. ஐசோடோப்புகள் (அதே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) கலந்த நீரைக் குடிக்கவைத்து, அவை உடலைவிட்டு வெளியேறும் வேகத்தை ஒன்றிரண்டு வாரம் சிறுநீரில் பார்த்துக் கணக்கிடுவது மற்றொன்று. கையில் கட்டும் பேண்டால் இரண்டையும் செய்ய முடியாது.

அதற்குத் தெரிந்தவை முக்கியமாக மூன்று. முதலாவது கையசைவு. இரண்டாவது நாடித்துடிப்பு: அடியில் மினுக்கும் பச்சை விளக்கின் ஒளி ரத்தத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்து அதை எண்ணுகிறது. மூன்றாவது, நீங்கள் ஆப்பில் கொடுத்த வயது, உயரம், எடை, பாலினம். இவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு ஓர் எண்ணைத் திரையில் காட்டுகிறது. அந்தச் சூத்திரத்தை நிறுவனங்கள் வெளியே சொல்வதில்லை.

சும்மா படுத்திருந்தாலே செலவாகும் கலோரியை மட்டும் நீங்களே கணக்கிடலாம். 1990-இல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜோர் சமன்பாடு இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. எடையைக் கிலோவில் 10-ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் செ.மீ.-இல் 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆணானால் 5 கூட்டுங்கள், பெண்ணானால் 161 கழியுங்கள். நம் உதாரணப் பெண்ணுக்கு 720 + 987.5 − 200 − 161, அதாவது நாளுக்குச் சுமார் 1,350 கலோரி. இதுவும் சராசரி மனிதருக்கான மதிப்பீடுதான். அதே எடையுள்ள ஐரோப்பியரைவிட இந்தியர் உடலில் தசை சற்றுக் குறைவாகவும் கொழுப்பு சற்று அதிகமாகவும் இருப்பது வழக்கம். கொழுப்பைவிடத் தசைதான் அதிகம் செலவழிக்கும் என்பதால், வெளிநாட்டு அளவுகளிலிருந்து உருவான சூத்திரங்கள் நமக்குக் கொஞ்சம் கூட்டியே காட்ட வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு பிசகும்?

2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஏழு வகைக் கைப்பட்டைகளைக் கட்டி, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்துச் சோதித்தார்கள். ஏழில் ஆறு, நாடித்துடிப்பை 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு காட்டின. கலோரியில் நிலைமை வேறு. இருந்ததிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். அந்த மாடல்கள் இன்று கடையில் இல்லை. ஆனால் சிக்கலின் வேர் அப்படியே இருக்கிறது. துடிப்பை எண்ணிவிடலாம். ஒரு துடிப்புக்கு உங்கள் உடல் எவ்வளவு எரிக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

ஆக்டிவ் கலோரி, டோட்டல் கலோரி என்று இரண்டு வருகின்றனவே?

டோட்டல் என்பது நள்ளிரவிலிருந்து இதுவரை உடல் செலவழித்த மொத்தம். தூக்கத்தில் போனதும் அதில் அடக்கம். காலை எழுந்ததுமே 350 என்று காட்டினால் பேண்ட் கெட்டுப்போகவில்லை. ஆக்டிவ் என்பது அசைவினால் கூடுதலாகச் செலவானது மட்டும். ஃபிட்பிட்டின் முகப்பில் தெரியும் கலோரி மொத்தக் கணக்கு. ஆப்பிள் வாட்சின் சிவப்பு வளையம் ஆக்டிவ் கணக்கு. வாட்ச் மாற்றும்போது பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

உணவுக் கணக்கோடு ஒப்பிட வேண்டியது டோட்டல். ஆக்டிவ் எண்ணை அதன்மேல் மறுபடி கூட்டக் கூடாது.

45 நிமிடம் வேகமாக நடந்தேன், பேண்ட் 230 காட்டுகிறது. அந்த அளவு கூடுதலாகச் சாப்பிடலாமா?

வேண்டாம். எடை குறையாமல் போவதற்கு நாங்கள் அதிகம் பார்க்கும் காரணம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் நடப்பது, சும்மா இருப்பதைப்போல் ஏறத்தாழ 3.5 மடங்கு வேலை. சும்மா இருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 1 கலோரி என்று வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் 72 × 3.5 × 0.75 = 189 கலோரி. ஆனால் அந்த முக்கால் மணி நேரம் சோபாவில் இருந்திருந்தாலும் 54 செலவாகியிருக்கும். நடந்ததால் கூடுதலாகப் போனது 135 மட்டுமே. 230 என்ற எண்ணில் பேண்டின் மிகையும் இருக்கிறது, எப்படியும் செலவாகியிருக்க வேண்டிய 54-ம் இருக்கிறது.

135 கலோரி என்றால் சுமார் 100 கிராம் சோறு, அல்லது ஒரு டேபிள்ஸ்பூனைவிடச் சற்றே கூடுதலான எண்ணெய். நடைப்பயிற்சி முடிந்து வரும் வழியில் இரண்டு வடையும் சர்க்கரை போட்ட டீயும் எடுத்தால் நடந்தது முழுவதும் அங்கேயே போய்விடும். இதைப் படித்துவிட்டு நடையை விட்டுவிடாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் தசைக்கும் அது செய்யும் நன்மை எந்தத் திரையிலும் தெரியாது. நடைக்குக் கூலியாகச் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். உணவுக் கணக்கு ஆப்போடு பேண்டை இணைத்திருந்தால், உடற்பயிற்சிக் கலோரியைத் தானாகவே அன்றைய உணவு அளவில் கூட்டித் தரும் வசதி இருக்கும். செட்டிங்ஸில் போய் அதை அணைத்துவிடுங்கள்.

அப்படியென்றால் அந்த எண்ணால் என்ன பயன்?

நிறையவே இருக்கிறது. எடைபார்க்கும் மெஷின் எப்போதும் ஒன்றரைக் கிலோ கூட்டிக் காட்டினாலும் எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதில் தெரிந்துவிடும் அல்லவா? பேண்டும் அப்படித்தான். தினமும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் பிசகும் கருவியைத் திருத்திப் பயன்படுத்தலாம். பிசகு எவ்வளவு என்று தெரிந்தால் போதும். அதை உங்கள் எடையே சொல்லும்.

என் பேண்டின் பிசகை நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐந்து வாரம் பிடிக்கும். தேவையானவை எடைபார்க்கும் டிஜிட்டல் மெஷின், சமையலறைத் தராசு, ஒரு நோட்டு.

உணவைக் குறைத்த முதல் பத்து நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்போது இறங்குவதில் பெரும்பகுதி நீர். உடல் சேர்த்து வைத்திருக்கும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் (மாவுச்சத்தின் இருப்பு) ஏறக்குறைய 3 கிராம் நீர் ஒட்டியிருக்கும். சோற்றைக் குறைத்ததும் இரண்டும் சேர்ந்து வெளியேறும். மெஷினில் அது அழகாகத் தெரியும், கொழுப்போ கொஞ்சம்தான் கரைந்திருக்கும்.

பதினோராம் நாளிலிருந்து தினமும் காலையில் கழிவறை போய்வந்த பிறகு, எதையும் குடிப்பதற்கு முன், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். மெஷின் ஒரே இடத்தில், தரையில் அசையாமல் இருக்க வேண்டும். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்தால் அந்த வாரத்தின் சராசரி. சாப்பிட்ட மொத்தக் கலோரியையும் பேண்ட் காட்டும் டோட்டலையும் தினமும் எழுதிவையுங்கள். டோட்டலைக் குறிக்கும் நேரம் முக்கியம்: மறுநாள் காலையில், முந்தைய நாளின் முழு எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.

முதல் வாரச் சராசரிக்கும் ஐந்தாம் வாரச் சராசரிக்கும் நடுவே 28 நாள். இனி கணக்கு. உதாரணப் பெண் சாப்பிட்டது சராசரியாக நாளுக்கு 1,600. பேண்ட் காட்டியது 2,150. பேண்ட் சொல்வது சரியென்றால் நாளுக்கு 550 பற்றாக்குறை, 28 நாளில் 15,400. ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி, ஆகவே 2 கிலோ இறங்கியிருக்க வேண்டும். நோட்டைப் பார்த்தால் 0.8 கிலோதான் இறங்கியிருக்கிறது. 0.8 × 7,700 = 6,160. அதை 28-ஆல் வகுத்தால் நாளுக்கு 220. ஆக, அவரது உண்மையான செலவு 1,600 + 220 = 1,820. இதை 2,150-ஆல் வகுத்தால் 0.85.

அவரது பேண்டுக்கான திருத்த எண் அது. இனிமேல் திரை 2,300 என்று சொன்னால் அவர் 1,950 என்று படித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சந்தேகம் வரலாம்: தவறு பேண்டில்தான் என்று எப்படிச் சொல்வது, சாப்பாட்டைக் குறைத்து எழுதியிருந்தால்? உண்மைதான், 0.85-க்குள் இரண்டு பிழையும் கலந்திருக்கும். அதனால் கெடுதல் இல்லை. அதே பேண்டை அதே முறையில் கட்டி, அதே பழக்கத்தில் உணவை எழுதும்வரை அந்த எண் வேலை செய்யும். பேண்டை மாற்றினால், அல்லது அளக்காமல் எழுதியவர் தராசில் வைத்து எழுதத் தொடங்கினால், மறுபடி கணக்கிட வேண்டும். மாதவிடாய் உள்ளவர்கள் முதல் வாரத்தையும் ஐந்தாம் வாரத்தையும் சுழற்சியின் ஒரே கட்டத்தில் அமையும்படி பார்த்துக்கொள்வது நல்லது. அந்த நாட்களில் சேரும் நீர் மட்டுமே ஒரு கிலோவைத் தாண்டலாம்.

நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு எப்படிக் கலோரி பார்ப்பது?

ஆப்பில் "சாம்பார், 1 கப்" என்று தேடி வருவதை நம்பாதீர்கள். யார் வீட்டுச் சாம்பாரோ அது. பாத்திரத்தில் போட்டதைக் கணக்கிடுவதுதான் வழி. பருப்பு, அரிசி, எண்ணெய், தேங்காய், சர்க்கரை ஆகியவற்றைச் சமைக்கும் முன் எடை போட்டு மொத்தக் கலோரியைக் கண்டுபிடியுங்கள். சமைத்து முடித்ததும் காலிப் பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டு குழம்பின் மொத்த எடையை எடுங்கள். 1,200 கிராம் குழம்பில் 900 கலோரி என்றால் 200 கிராம் ஊற்றிக்கொண்டவருக்கு 150. வடித்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130. அதைத் தட்டில் போட்ட பிறகு எடைபோட்டால் போதும்.

கணக்கு உதைக்கும் இடம் பெரும்பாலும் எண்ணெய். எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி. தோசைக்கல்லில் சுற்றி விடுவதும் பொடிக்குக் குழைப்பதும் யார் கணக்கிலும் வருவதில்லை. எளிய வழி ஒன்று: மாதத் தொடக்கத்தில் வீட்டுக்கு வாங்கிய எண்ணெய், மாதக் கடைசியில் மிச்சம், சாப்பிடும் தலைகள். நாலு பேர் வீட்டில் மாதம் 4 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளுக்குச் சுமார் 30 கிராம், அதாவது 270 கலோரி. நோட்டில் நீங்கள் எழுதிய எண்ணெய் 90 கலோரிதான் என்றால் மீதி எங்கே போனது என்று தேடுங்கள்.

எப்படிக் கட்டினால் சரியாகக் காட்டும்?

மணிக்கட்டு எலும்பின்மேல் கட்டாதீர்கள். அங்கிருந்து முழங்கைப் பக்கமாக இரண்டு விரல் தள்ளி, பேண்ட் நகராத அளவுக்கு இறுக்கமாகக் கட்டுங்கள். ரத்த ஓட்டம் தடைப்படுமளவு இறுக்க வேண்டாம். பயிற்சி முடிந்ததும் ஒரு துளை தளர்த்திக்கொள்ளலாம். தளர்ந்த பேண்டின் அடியில் வெளிச்சம் புகுந்தால் துடிப்புக் கணக்கு தாறுமாறாகும். பட்டை மாட்டும் இடத்தில் பச்சை குத்தியிருந்தாலும் ஒளி ஊடுருவாது, மறு கைக்கு மாற்றுங்கள்.

எழுதும் கையில் கட்டுபவர்கள் ஆப்பில் அதைக் குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் மாவு பிசைவதும் துணி துவைப்பதும் அடிகளாக ஏறும். குண்டும் குழியுமான சாலையில் பைக் ஓட்டினாலும் சில பேண்டுகள் அடி எண்ணும். நேர்மாறாக, டிரெட்மில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டோ குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டோ நடந்தால் கை ஆடாததால் அடிகள் விட்டுப்போகும்.

இன்னொரு பிழை கண்ணில் படாமலே போகும். வேகமாக நடக்கும்போது நிமிடத்துக்கு 115 அடி வைக்கிறீர்கள், துடிப்பும் சரியாக 115-லேயே நிற்கிறது என்றால், பேண்ட் இதயத்தை விட்டுவிட்டுக் காலடி அதிர்வை எண்ணத் தொடங்கியிருக்கலாம். நின்று, கழுத்தில் விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கிப் பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரிந்தால் பேண்டைச் சற்று மேலே ஏற்றிக் கட்டுங்கள்.

ஆப்பிள் வாட்ச் வைத்திருப்பவர்கள் வெட்டவெளியில், ஜிபிஎஸ் நன்றாகக் கிடைக்கும் சமதளத்தில், ஒர்க்அவுட் ஆப்பில் வெளிநடையைத் தொடங்கி 20 நிமிடம் உங்கள் வழக்கமான வேகத்தில் நடந்தால் அது உங்கள் நடையளவைக் கற்றுக்கொள்ளும்.

சித்திரை வெயிலில் நடந்தால் கலோரி அதிகம் காட்டுகிறதே, கொழுப்பும் அதிகம் கரையுமா?

கரையாது. உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் வேகமாகத் துடிக்கிறது. தண்ணீர் குறைந்தால் இன்னும் வேகமாகும். பேண்ட் அதை உழைப்பு என்று எண்ணிக்கொள்கிறது. காபி, பதற்றம், காய்ச்சல், தூக்கமின்மை எல்லாமே இதே மாயத்தைச் செய்யும்.

ஜிம்மில் எடை தூக்கும்போது மிகக் குறைவாகக் காட்டுகிறது. விட்டுவிட்டு ஓடலாமா?

கூடாது. எடை தூக்குவது பேண்டுக்குப் புரியாத உழைப்பு. கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்கி ஒளி சிதறும், செட்டுக்கு நடுவே ஓய்வும் இருக்கும். அந்த எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள். எடை குறையும் காலத்தில் கொழுப்போடு தசையும் கரையும். அதைத் தடுப்பவை எடைப்பயிற்சியும் போதுமான புரதமும். வாரம் இரண்டு நாளாவது வேண்டும். துடிப்பு சரியாகத் தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்கள், இதயத்தின் மின்துடிப்பைப் பிடிக்கும் மார்புப் பட்டை வாங்கலாம். யோகாவுக்கும் சைக்கிளுக்கும் கூட, கையசைவை நம்பும் பேண்ட் குறைத்தே காட்டும்.

பேண்ட் கட்டினாலே எடை குறையும் என்கிறார்களே?

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 18 முதல் 35 வயதுவரை உள்ள 471 பேரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2016-இல் வெளியானது. எல்லோருக்கும் குறைந்த கலோரி உணவு, உடற்பயிற்சி, குழு ஆலோசனை கிடைத்தன. ஆறு மாதம் கழித்து ஒரு பாதியினர் மேற்கையில் அணியும் கருவியைப் பெற்றார்கள். மறு பாதியினர் தாங்களே இணையதளத்தில் பதிவுசெய்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோவும் கருவி அணிந்தவர்கள் 3.5 கிலோவும் குறைந்திருந்தார்கள். ஏன் என்று அந்த ஆய்வு தீர்த்துச் சொல்லவில்லை. திரையில் எண் ஏறியதைப் பார்த்ததும் சாப்பாட்டில் கை தளர்ந்துவிடுகிறது என்பது எங்கள் கருத்து.

10,000 அடி கட்டாயமா?

இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயர் மன்போ-கே, "பத்தாயிரம் அடி மீட்டர்". விளம்பரத்தில் பிறந்த எண் அது. இப்போது 3,500 அடி நடப்பவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1,000 கூட்டி 8,000-க்கு வந்தாலே பெரிய மாற்றம்.

முதலில் குறைந்தது, இப்போது நின்றுவிட்டது. பேண்ட் மட்டும் பழையபடியே காட்டுகிறது. ஏன்?

முதலில் ஆப்பில் உங்கள் எடையைப் பாருங்கள். 72-இல் தொடங்கி 65-க்கு வந்த பிறகும் 72 என்றே இருந்தால், சும்மா இருக்கும் செலவே நாளுக்கு 70 கலோரி கூடுதலாக வரும், நடைக்கணக்கும் பத்து சதவீதம் ஏறும். இரண்டு கிலோ இறங்கியதும் எடையைத் திருத்தும் பழக்கம் வேண்டும்.

அடுத்தது நீங்கள் அறியாமல் நடப்பது. குறைவாகச் சாப்பிடும் உடல் சிக்கனம் பிடிக்கும். கால் ஆட்டுவது, எழுந்து நடப்பது, மாடி ஏறுவது எல்லாம் தானாகக் குறையும். பயிற்சி நேரத்தைப் பார்க்காமல், மீதி 23 மணி நேரத்தின் அடிகளை இரண்டு மாதத்துக்கு முந்தையதோடு ஒப்பிடுங்கள். பேண்டின் மிகச் சிறந்த பயன் இதுதான், பலர் இதைப் பார்ப்பதேயில்லை. உடல் தன் மொத்தச் செலவைச் சரிக்கட்டிக்கொள்ளும் என்பதற்கு வேறொரு குறிப்பு, தான்சானியாவின் ஹட்சா மக்களிடம் அமெரிக்க மானுடவியலாளர் ஹெர்மன் பாண்ட்சரின் குழு எடுத்து 2012-இல் வெளியிட்ட அளவீடுகள். நாள் முழுக்க வேட்டைக்கும் கிழங்கு தோண்டவும் நடக்கும் அவர்களின் மொத்தச் செலவு, உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், மேலைநாட்டு நகரவாசிகளுடையதை ஒத்தே இருந்தது.

மூன்று வாரச் சராசரியும் அசையாமல் இருந்தால் மட்டுமே அது தேக்கம். கல்யாணச் சாப்பாட்டின் உப்பால் நான்கு நாள் ஏறி நிற்பது தேக்கம் ஆகாது. தேக்கம் என்றால் ஐந்து வாரக் கணக்கை மறுபடி போட்டுத் திருத்த எண்ணைப் புதுப்பியுங்கள்.

நாளுக்கு எவ்வளவு பற்றாக்குறை வைக்கலாம்?

500 என்று எல்லோரும் சொல்வது உயரமான, எடை கூடியவர்களுக்குச் சரி. உண்மைச் செலவே 1,820 ஆக இருப்பவர் 500 குறைத்தால் 1,320-இல் வாழ வேண்டும். புரதமும் இரும்புச்சத்தும் அதற்குள் அடங்குவது கஷ்டம். அவருக்கு 300 முதல் 400 போதும், மாதம் ஒன்றேகால் கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை இறங்கும். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் பெண்கள் 1,200-க்குக் கீழே போகக் கூடாது.

எங்கே நிறுத்துவது என்பதற்கு இந்தியர்களுக்கான அளவு வேறு: பிஎம்ஐ (கிலோவிலுள்ள எடையை, மீட்டரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-லிருந்து உடல்பருமன். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. வரை இருக்கலாம். எடை நின்று இடுப்பு குறைந்தால் அதுவும் முன்னேற்றமே. நாடாவை மாதம் இருமுறை எடுங்கள்.

யார் இந்தக் கணக்கைத் தனியாகச் செய்யக் கூடாது?

இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரை எடுப்பவர்கள் உணவைக் குறைக்கும் முன் மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் எடை குறைப்புக் கணக்குப் போட வேண்டாம். இதயத்துக்காக பீட்டா பிளாக்கர் (துடிப்பைத் தணிக்கும் மருந்து) எடுப்பவர்களுக்கு துடிப்பு அதிகம் ஏறாது, பேண்ட் உழைப்பைக் குறைத்துக் காட்டும். அவர்கள் அடிகளையும் நிமிடங்களையும் மட்டும் பார்க்கட்டும். சாப்பாட்டை நினைத்தாலே குற்ற உணர்வு வருகிறது, எண் நிறையாவிட்டால் தூங்க முடியவில்லை என்ற நிலை இருந்தால் பேண்டைக் கழற்றி வைத்துவிட்டு மனநல மருத்துவரிடம் பேசுங்கள். இதை நாங்கள் மிகுந்த அக்கறையோடு சொல்கிறோம்.

விலை கூடிய வாட்ச் வாங்கினால் கலோரி சரியாக வருமா?

துடிப்பும் ஜிபிஎஸ்ஸும் மேம்படும், கலோரி ஊகமாகவே இருக்கும். மேலே சொன்ன கணக்குக்கு வேண்டியவை மூன்று: டோட்டலைத் தனியாகக் காட்டுவது, முந்தைய நாட்களின் எண்களைச் சேமித்து வைப்பது, ஒரு வாரமாவது சார்ஜ் நிற்பது. அடிக்கடி சார்ஜில் கிடக்கும் வாட்ச் அந்த நேரத்து அசைவைத் தவறவிடும். எப்படியும் சார்ஜ் போட வேண்டும் என்றால் குளிக்கும் நேரத்தில் போடுங்கள், பட்டையையும் அப்போதே கழுவிக் காயவைத்துவிடலாம். வியர்வையும் சோப்பும் அடியில் தங்கித்தான் பலருக்கு மணிக்கட்டில் அரிப்பும் தடிப்பும் வருகின்றன.